இரசாயனவியலுக்குத் துணையாக எதை எடுப்பது?

இடம்பெயர்ந்த நிலையிலும் படித்து, விஞ்ஞான பீடத்துக்குச் செல்லும் பிள்ளை முதலாம் ஆண்டில் இரசாயனவியலை மட்டும் படிப்பதில்லை. துணைப் பாடங்களையும் தெரிவுசெய்ய வேண்டும். அங்கேதான் கவனம் தேவை.

நாம் வயலுக்கு இடும் யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. அது மண்ணில் அமோனியாவாக மாறும் வேகத்தைக் கணிக்கக் கணிதம் வேண்டும். அதன் அணுக்களின் பிணைப்பை விளங்கிக்கொள்ளப் பௌதிகவியல் வேண்டும். பயிர் அதனை உள்ளெடுக்கும் விதத்தை அறியத் தாவரவியல் வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை கணிதத்தை அடியோடு கைவிட்டால், பின்னர் பௌதிக இரசாயனத்தில் இடறும்.

பெற்றோரே, “எது இலகு?” என்றல்ல, “எது அடுத்த ஆண்டுக்கு அவசியம்?” என்று விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். பீடக் கையேட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். விதைக்கு முன் நிலம் பார்ப்பவர்களல்லவா நாம்!