சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு...

"கரன்ட் வச்சு முடிஞ்சாச்சு. இனி ஊருக்குப் போகலாம்!"

டாக்டர் இப்படிச் சொன்னதும் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்குத் துணை தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். அவர் ஜவ்வாது மலைக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம்! வேலூரில் சிகிச்சை முடித்து, பஸ் மாறி ஜமுனாமரத்தூர் ஏறி, அங்கிருந்தும் நடந்து வீடு சேர்ந்தால்... சாமைக் காடும், விறகுச் சுமையும், தண்ணீர்க் குடமும் காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. வெளியிலிருந்து கரன்ட் வைப்பதால் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. தனித் தட்டு, தனிப் பாய் வேண்டியதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வெளியே சொல்ல முடியாதவை

இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு கொடுத்தால் சினைப்பைகள் செயலிழந்து, சின்ன வயதுக்காரருக்கும் மாதவிலக்கு நின்றுவிடும். திடீர் உஷ்ணம், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் வரும். எலும்பும் பலவீனமாகும். கேழ்வரகு, கீரை, பால் சேர்த்துக்கொள்வது நல்லது. மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பிறப்புறுப்பு வறண்டு சுருங்குவதும் சகஜம். தாம்பத்திய உறவு வலிக்கும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கணவரோ, 'என்னைப் பிடிக்கலை போல' என்று நினைத்துக்கொள்கிறார்! சுருக்கத்தைத் தடுக்க 'டைலேட்டர்' என்ற வழவழப்பான குழல் இருக்கிறது. எப்போது, எப்படி உபயோகிப்பது என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளலாம். தாம்பத்தியத்துக்காக மட்டுமல்ல... பாதை சுருங்கிவிட்டால் டாக்டர் பரிசோதிப்பதும் கஷ்டம். எனவே, கணவர் இல்லாதவருக்கும் இது தேவைப்படலாம்.

காலைக் கவனியுங்கள்

நிணநீர் ஓட்டம் தடைப்பட்டால் கால் கனக்கும், வீங்கும். இது சில வருஷம் கழித்துக்கூட வரலாம். அந்தக் காலில் முள் குத்தினால் சீழ் பிடிப்பது சுலபம். ஆகவே, காட்டு வேலைக்குச் செருப்பு அவசியம். சின்னக் கீறலையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சிவந்து, காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். பாரமான சுமையைக் கொஞ்ச காலம் மற்றவர்கள் தூக்கட்டுமே!

செக்கப்பைத் தவற விடாதீர்கள்

முதல் 2 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. அதன்பின் 5 வருஷம் வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை செக்கப் தேவை. ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போட்டால், நோய் திரும்பினாலும் தெரியாமல் போய்விடும். மீண்டும் உதிரப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், விடாத இடுப்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம்... இதில் எது தெரிந்தாலும் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலி நிவாரணக் கவனிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும். கிராம சுகாதார நர்ஸிடம் விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

கணவன்மார்களே, அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் நீங்களே வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்!