நகையும் இகழ்ச்சியும்

சென்னை மூர்மார்க்கெட் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்சார வண்டியில் ஒரு நாள் காலையில் ஏறி அமர்ந்து பாருங்கள். மீஞ்சூரும் பொன்னேரியும் கவரைப்பேட்டையும் கடந்து வண்டி கும்மிடிப்பூண்டியை அடைவதற்குள் ஐந்தாறு மொழிகள் உங்கள் செவியில் விழும். தமிழும் தெலுங்கும் அங்கே பழைய அண்டை வீட்டார். 1960-ஆம் ஆண்டு எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்தோடு இணைந்த பின்னரும், திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் இரு மொழிகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன. ஈழத்திலிருந்து வந்தோர் வாழும் முகாமும் கும்மிடிப்பூண்டியில் உண்டு. இவற்றோடு, சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் வேலைக்கு வரும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, வங்காளத் தொழிலாளர்களின் மொழிகளும் இன்று சேர்ந்துகொண்டன.

அதே நாள் மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமருங்கள். காலையில் வண்டியில் கண்ட மனிதர் நகைச்சுவைக் காட்சியில் வேறோர் உருவத்தில் தோன்றுவார். வடநாட்டார் என்றால் வட்டிக்கடைச் சேட்டு. இல்லையேல் பானிபூரி விற்பவர். மலையாளி என்றால் தேநீர்க்கடை நாயர். ஒவ்வொருவரும் தமிழைச் சிதைத்துப் பேசுவர், எளிதில் ஏமாறுவர். அவர் வாய் திறந்தவுடனே நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எத்தகையது என்பதே நம் ஆராய்ச்சி.

அச்சுத் தொழிலில், ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் அச்சிடுவதற்காக வார்த்து வைத்த உலோகத் தகட்டுக்கு ‘ஸ்டீரியோடைப்’ என்று பெயர். அமெரிக்கப் பத்திரிகை அறிஞர் வால்டர் லிப்மன் 1922-இல் இச்சொல்லை மனித மனத்துக்கு ஏற்றினார். ஒரு கூட்டத்தாரைப் பற்றி நம் மனம் முன்கூட்டியே வார்த்து வைத்திருக்கும் உருவமே அது. தமிழில் இதனை ‘வார்ப்புரு’ எனலாம். வார்ப்புருவின் குற்றம் அது முழுப் பொய்யாக இருப்பது அன்று. தேநீர்க்கடை நடத்தும் மலையாளிகள் உண்டு. வட்டித் தொழில் செய்யும் வடநாட்டாரும் உண்டு. ஆயிரம் பேருக்கு ஆயிரம் முகம் இருக்க, ஒரே முகத்தை அனைவருக்கும் மாட்டிவிடுவதே குற்றம்.

சிரிப்பின் இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களாக இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றோடு எள்ளலையும் கூறினார். எள்ளலும் நகைக்கு ஒரு நிலைக்களன் என்பதை அவர் மறைக்கவில்லை. பிறர் குறையைக் கண்டு, தம்மை உயர்ந்தவராக உணரும் கணத்தில் சிரிப்பு எழுகிறது என்று ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்சு 1651-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் எச்சரிக்கிறார். நகை இயல்பு, இகழ்ச்சியைத் தவிர்ப்பது பண்பு.

இகழப்படுவோரின் இடத்தில் நாமே நின்ற காலமும் உண்டு. 1960-இல் பம்பாயில் கேலிச்சித்திரக்காரரான பால் தாக்கரே ‘மார்மிக்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். தென்னாட்டாரைக் கேலி செய்த அவ்விதழ், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னாட்டாரின் பெயர்களைப் பட்டியலிட்டும் வெளியிட்டது. 1966-இல் சிவசேனை தோன்றியது. வேட்டி கட்டியவரை விரட்டுவோம் என்னும் முழக்கம் தெருவில் எழுந்தது. உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில், குடுமி வைத்துக்கொண்டு இந்தியைச் சிதைத்துப் பேசும் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக மெகமூது நடித்தார். நாடே சிரித்தது. கேலிச்சித்திரம் தானாகக் கல்லெறிவதில்லை. ஆனால் எறியப்படும் கல் தகுந்த இடத்திலேதான் விழுகிறது என்னும் எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது.

வானொலியும் இப்பழியிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவில் 1928-இல் தொடங்கிய ‘ஏமசும் ஆண்டியும்’ என்னும் வானொலித் தொடரில், இரு வெள்ளையர் கறுப்பரின் குரலில் பேசி மக்களைச் சிரிக்க வைத்தனர். 1951-இல் அது, கறுப்பின நடிகர்களைக் கொண்டு, தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1966-இல் அத்தொடரின் மறுஒளிபரப்பும் நிறுத்தப்பட்டது. அண்மையில் ‘சிம்சன்சு’ என்னும் சித்திரத் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவைப் பற்றியும் இத்தகைய வழக்கு எழுந்தது. அவருக்குக் குரல் கொடுத்த வெள்ளை நடிகர் 2020-இல் அப்பணியிலிருந்து விலகினார். பள்ளியில் அப்புவின் பெயரால் கேலி செய்யப்பட்டு வளர்ந்த இந்தியப் பிள்ளைகளின் மனக்குறையே அதற்குக் காரணம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனையும் நேர்மையோடு கேட்க வேண்டும். “நாங்கள் இகழ்பவனையே கேலி செய்கிறோம், இகழப்படுபவனை அல்ல” என்பர் சில ஆசிரியர்கள். 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்னும் தொடரின் நோக்கம் அதுவே. இனவெறுப்புப் பேசும் ஒரு கிழவரை அது நகைப்புக்கு உள்ளாக்கியது. ஆனால் 1974-இல் இரு உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, வெறுப்பு மிகுந்த பார்வையாளர் அக்கிழவரைத் தம் பக்கத்தாராகவே கொண்டாடக் கண்டனர். எழுதியவன் கருத்து ஒன்று. கேட்டவன் கொண்ட பொருள் வேறு.

அப்படியாயின் சட்டத்தால் தடுக்கலாமா? 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளுள் ஆறாம் விதி, இனத்தாரையும் மொழியினரையும் வட்டாரத்தாரையும் இழிவுபடுத்தியும் செருக்கோடு எள்ளியும் காட்டும் நிகழ்ச்சிகளைத் தடுக்கிறது. எனினும், சீக்கியரைப் பற்றிய சிரிப்புத் துணுக்குகளைத் தடை செய்யக் கோரிய வழக்கில், மக்களுக்கு ஒழுக்க விதி வகுப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறிவிட்டது. தடையும் சில வேளைகளில் இடம் மாறி விழுகிறது. வடநாட்டுத் தொழிலாளரின் வாழ்வைச் சொன்ன ‘வடக்கன்’ என்னும் தமிழ்ப்படத்தின் பெயரைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. 2024-இல் அது ‘ரயில்’ என்னும் பெயரில் வெளியாயிற்று. இழிசொல்லாக வழங்கும் ஒரு சொல்லை ஆராயப் புகுந்த படத்துக்கே இந்நிலை!

ஆகவே சட்டத்தைவிடச் சுவையறிவே நமக்குத் துணை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். அவர் எய்த அம்பு மூடநம்பிக்கையின்மீது பாய்ந்தது. இங்கிலாந்தில் 1996-இல் வானொலியில் தொடங்கி 1998-இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ நிகழ்ச்சியில், அந்நாட்டில் வாழும் இந்திய வழியினரே தம்மையும் ஆங்கிலேயரையும் சேர்த்துக் கேலி செய்தனர். ஆங்கிலேயர் இந்திய விடுதியில் நடந்துகொள்ளும் முறையை அப்படியே திருப்பி, இந்தியர் ஆங்கில விடுதியில் நடந்துகொள்வதாகக் காட்டியபோது ஆங்கிலேயரும் சிரித்தனர்.

மாணவ நண்பர்களே, ஒரு நகைச்சுவையைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நாம் சிரிப்பது அந்த மனிதர் செய்த செயலுக்கா, அவர் பிறந்த ஊருக்கா? அவருக்குத் திருப்பிப் பேச இடம் இருக்கிறதா? அவர் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தால் அதே துணுக்கை நாம் சொல்வோமா?

மூன்றாம் கேள்வி கும்மிடிப்பூண்டியில் கற்பனையன்று. அவர் உண்மையாகவே பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய்யென்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. ஆயினும் அதற்குள் அச்சத்தால் ஊர் திரும்பியோர் உண்டு. பொய் அவ்வளவு எளிதில் நம்பப்பட்டது ஏன்? தம்மை இங்குள்ளோர் மதிக்கின்றனர் என்னும் உறுதி அவர்கள் நெஞ்சில் ஆழமாக வேரூன்றியிருந்தால் வதந்தி அவ்வளவு விரைவில் வேலை செய்திருக்குமா?

இன்னொன்றையும் எண்ணுங்கள். உருக்காலையில் இருவர் ஒரே உலைக்கு முன் நிற்கின்றனர். ஆபத்தைக் கண்ட ஒருவர் தமக்குத் தெரிந்த உடைந்த தமிழில் கூவுகிறார். மற்றவர் அந்தக் குரலைக் கேட்டவுடன் சிரித்துப் பழகியவரானால், எச்சரிக்கை வேடிக்கையாகிவிடும். அதற்குள் கணம் கடந்துவிடும். தம் தாய்மொழியோடு இந்தியும் அறிந்து, மூன்றாவதாக நம் தமிழையும் பேச முயலும் அவரைப் பேதை என்று சிரிக்கும் நம்மில் பலருக்கு எத்தனை மொழி தெரியும்?

சிரிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்கக்கூடிய சிரிப்பைத் தேர்ந்துகொண்டால் போதும்.