காற்றைக் கூட்டினால் மட்டும் போதுமா?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு செல்லும் திசையில் வலியமலை என்னும் ஊர் உள்ளது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் திரவ உந்து அமைப்புகள் மையம் அங்கேதான் இயங்குகிறது. 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி.-டி3 ஏவுகலத்தின் மேலடுக்கில், நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முறையாகப் பறந்தது. அதன் எரிபொருளான திரவ ஹைட்ரஜனை முதன்மைப் பம்புக்குத் தள்ளிக் கொடுக்கும் துணைப் பம்பு, நிமிடத்துக்கு 34,800 சுற்று என்னும் வேகம் வரை சீராகவே சுழன்றது. மேலடுக்கு இயங்கத் தொடங்கிய 0.9 வினாடியில் அதன் வேகம் தளர்ந்தது, அடுத்த 0.6 வினாடிக்குள் நின்றே விட்டது. எரிபொருள் வராத எஞ்சினால் உந்துவிசையைத் தொடர்ந்து தர இயலவில்லை. ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது.

விண்ணில் செல்லும் ஏவுகலத்தையும் வீட்டு வாசலில் நிற்கும் காரையும் ஒப்பிடுவது மிகை எனத் தோன்றலாம். ஆனால் எரிபொருள் வரத்துப் பற்றிய விதி இரண்டுக்கும் ஒன்றே. எஞ்சின் முழு விசையுடன் இயங்கும் நேரத்தில்தான் அதற்கு மிகுதியான எரிபொருள் தேவை; வழங்கும் அமைப்பின் குறைபாடு வெளிப்படுவதும் அந்த நேரத்தில்தான். காருக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்த விரும்புவோர் பெரும்பாலும் அக்கருவியின் விலையை மட்டுமே விசாரிக்கின்றனர். அதனோடு சேர்த்து மாற்ற வேண்டிய எரிபொருள் அமைப்பையும், மாற்றத்தால் எழும் சட்டக் கடமைகளையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்களுக்கு இவ்விரண்டும் பணத்தோடு நேரடித் தொடர்புடையவை.

சூப்பர்சார்ஜர் என்பது ஒரு காற்றழுத்தி. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பெல்ட் வழியாக விசை பெற்றுச் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. இவ்வகைக் கருவிகளுள் ஒன்றுக்கு 1860இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றனர்; அது உலைகளுக்குக் காற்று ஊதுவதற்கே முதலில் பயன்பட்டது. இந்தியச் சாலைகளில் ஓடும் சில மெர்சிடிஸ் கார்களின் பின்புறம் காணப்படும் ‘கொம்ப்ரெசர்’ என்னும் எழுத்துகள் இக்கருவியையே குறிக்கின்றன. அத்தகைய கார்களில் பம்பு முதல் பிஸ்டன் வரை அனைத்தும் அக்கூடுதல் காற்றைக் கருதியே வடிவமைக்கப்பட்டவை. நாம் இங்குக் காண்பது, சாதாரணக் காரில் பின்னர் பொருத்தப்படும் சூப்பர்சார்ஜரைப் பற்றி.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின் முழு விசையில் இயங்கும்போது இந்த விகிதம் போதாது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 கிலோ வரையே காற்று இருக்குமாறு கலவையைச் செறிவாக்குவர். எரிந்தது போக எஞ்சிய பெட்ரோல் ஆவியாகும்போது உருளைக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி, எஞ்சினைக் குளிரச் செய்கிறது. வீணாவது போலத் தோன்றும் அந்தப் பெட்ரோலே பிஸ்டனின் காவல்.

காற்று கூடி எரிபொருள் கூடாவிட்டால் கலவை மெலிகிறது, வெப்பம் ஏறுகிறது. தீப்பொறியிலிருந்து பரவி வரும் சுடர் சென்று சேருமுன்பே கலவையின் எஞ்சிய பகுதி தானாகப் பற்றி வெடிக்கிறது. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதுவே. மிதமான விசையில் அது ஒரு தட்டொலி. அமுக்கப்பட்ட காற்றோடு முழு விசையில் நிகழ்ந்தால், அலுமினியப் பிஸ்டனின் விளிம்பு உடைவதற்கோ தலைப்பகுதி உருகித் துளைபடுவதற்கோ சில வினாடிகள் போதும். இந்தக் குறை நகர நெரிசலில் தென்படாது. பல நாள் நன்றாக ஓடிய கார், ஒருநாள் நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்த கணத்தில் நின்றுவிடும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நான்கு உருளை கொண்ட எஞ்சின் ஒன்றின் திறன் 120 குதிரைத் திறன் எனக் கொள்வோம். சாதாரண பெட்ரோல் எஞ்சின் முழு விசையில் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் 0.23 கிலோ எரிபொருள் செலவிடும். ஆக 27.6 கிலோ, லிட்டரில் ஏறத்தாழ 37. இதே எஞ்சினைச் சூப்பர்சார்ஜர் கொண்டு 180 குதிரைத் திறனுக்கு உயர்த்தினால், கலவை செறிவாவதாலும், சூப்பர்சார்ஜரைச் சுழற்றவே ஒரு பங்கு விசை செலவாவதாலும், ஒரு குதிரைத் திறனுக்கு 0.27 கிலோ எனக் கணக்கிடுவது வழக்கம். அப்போது மணிக்கு 66 லிட்டர் வேண்டும். திறன் ஒன்றரை மடங்குதான் ஆயிற்று. எரிபொருள் தேவையோ ஒன்றேமுக்கால் மடங்கையும் தாண்டிவிட்டது.

இந்த 66 லிட்டரை நான்கு இன்ஜெக்டர்களும் பகிர்ந்து தெளிக்க வேண்டும். ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 275 மில்லிலிட்டர். இன்ஜெக்டரை இடைவிடாது திறந்து வைத்திருக்க இயலாது. அதன் நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்பது பட்டறை மரபு. எனவே நிமிடத்துக்குச் சுமார் 340 மில்லிலிட்டர் தெளிக்கவல்ல இன்ஜெக்டர் தேவை. பழைய எஞ்சினுக்கு 200க்குச் சற்றுக் குறைவானதே போதுமாயிருந்தது. இன்று நம் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் எரிபொருளில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனால் எரிய அதே எடைப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாக வேண்டும். எனவே அந்த 340ஐ 370 ஆக்கிக்கொள்வதே அறிவுடைமை. குழாய்களும் வளையங்களும் எத்தனாலைத் தாங்கும் பொருளால் ஆனவையாக இருத்தல் வேண்டும்.

இனி அழுத்தம். தொட்டியிலிருந்து பெட்ரோலை 3 பார் அழுத்தத்தில் பம்பு அனுப்புவதாகக் கொள்வோம். சூப்பர்சார்ஜர் உட்குழாயில் 0.6 பார் அழுத்தத்தை ஏற்றினால், இன்ஜெக்டரின் முனையில் அந்தக் காற்று எதிர்த்து நிற்கும். தெளிப்புக்கு உண்மையில் கிடைப்பது 2.4 பார் மட்டுமே. தெளிப்பின் அளவு 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். தேவை உயரும் அதே கணத்தில் வரத்துத் தாழ்கிறது! இதைச் சரிசெய்ய, உட்குழாயின் அழுத்தத்தைத் தானே உணர்ந்து எரிபொருள் அழுத்தத்தையும் அதே அளவு உயர்த்தும் சீராக்கியைப் பொருத்துவர்.

சிலர் இன்ஜெக்டரை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் மிகுதியாக ஏற்றிச் செலவைச் சுருக்க முயல்வதுண்டு. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் தெளிப்பு 41 விழுக்காடே கூடும். ஏனெனில் தெளிப்பு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மேலும், அழுத்தம் ஏற ஏறப் பம்பு தரும் அளவு குறைந்துகொண்டே வரும். ஆகவே பம்பு வாங்குவோர், பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பாமல், தமக்கு வேண்டிய அழுத்தத்தில் அது மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்பதைக் கேட்டறிய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 3.6 பார் அழுத்தத்தில் 66 லிட்டருக்கு மேல் கால் பங்காவது கையிருப்பு இருத்தல் நலம். பெரிய பம்பைப் பழைய மெல்லிய மின்கம்பியிலேயே இணைத்தால் மின்னழுத்தம் குறைந்து, அதுவும் சிறிய பம்பாகவே நடந்துகொள்ளும்; தனி ரிலேயும் தடித்த கம்பியும் தேவை.

பொன்முடிக்குக் கார் ஓட்டிச் சென்றோர் அங்குள்ள 22 கொண்டையூசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். ஏற்றம் முழுவதும் எஞ்சின் பெருவிசையில் இயங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் தொட்டியில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. தொட்டி கால் பங்கே நிரம்பியிருந்தால், பம்பின் உறிஞ்சுவாய் நொடிப்பொழுது காற்றை விழுங்க நேரிடும். சாதாரணக் காரில் அது ஒரு சிறு திணறலோடு போய்விடும். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினில் அந்த நொடியில் கலவை மெலிந்துவிடும். தொட்டிக்குள் அமைந்த பம்பைக் குளிர்விப்பதும் அதைச் சூழ்ந்துள்ள பெட்ரோலே என்பதால், இத்தகைய வண்டியில் தொட்டியை அடிவரை வற்ற விடுவது இரட்டைத் தவறு.

பம்பும் இன்ஜெக்டரும் மாறிய பின், எப்போது எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். பழைய அழுத்த உணரி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அளக்கத் தெரியாதது. அதையும் மாற்றியாக வேண்டும். பெரும்பாலான கார்களில் புகைக்குழாயில் உள்ள பழைய ஆக்சிஜன் உணரி 14.7க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும்; 12 எங்கே, 13 எங்கே என்று பிரித்துக் காட்டும் அகலப்பட்டை உணரி இன்றிச் செய்யும் சரிபார்ப்பு வெறும் ஊகமே. ‘ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று சாவியை நீட்டும் பட்டறையை விட, டைனமோமீட்டர் மேல் நிறுத்தி விகிதத்தை அச்சிட்டுக் கையில் தரும் பட்டறையே மேல். உருளைக்குள் நேரடியாக எரிபொருள் தெளிக்கும் புதிய கார்களில் நூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் தனிப் பம்பு உள்ளது. அதை மாற்றுவது இன்னும் கடினம், செலவும் மிகுதி.

வலியமலை மையத்தார் செய்ததும் இதுவேதான். தோல்விக்குப் பின் அந்தத் துணைப் பம்பின் வடிவமைப்பைத் திருத்தி, தரையில் மீண்டும் மீண்டும் சோதித்து, 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 வழியாக ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தனர். இடையே கழிந்தவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்.

எந்திரத்தைச் சரியாகச் செய்துவிட்டாலும் சட்டம் காத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் இதற்குத் தளர்வான பொருள் கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தயாரிப்பாளரின் மூல விவரங்களே அளவுகோல் என்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எஞ்சினின் கன அளவு மாறவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. காற்றும் எரிபொருளும் புகையும் மாறிவிட்ட ஓர் எஞ்சினுக்கு அந்த வாதம் வலுவுடையது என்று தோன்றவில்லை. இயற்கை எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்குச் சட்டம் தனி வழி வைத்துள்ளது. சூப்பர்சார்ஜர் அந்த வழியில் வராது.

கடனில் உள்ள காருக்கு மேலும் ஒரு கட்டு உண்டு. சான்றிதழில் வங்கியின் ஈட்டுரிமை பதிவாகியிருக்கும். அந்தக் காரே கடனுக்குப் பிணை. வங்கியின் எழுத்து மூல இசைவின்றி வண்டியை மாற்றலாகாது என்னும் நிபந்தனை கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ளது. தத்தம் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து வாசிப்பது நன்று. காப்பீட்டிலும் கவனம் தேவை. தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசி, எந்திரக் கோளாறையும், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்தையும் ஏற்பதில்லை. மாற்றத்தைத் தெரிவிக்காமல் மறைத்திருந்தால் விபத்து இழப்பீடும் மறுக்கப்படலாம். உருகிய பிஸ்டனுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் துணை வராது. கார் பட்டறையில் நிற்கும் மாதங்களிலும் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

வேகத்தில் உண்மையான நாட்டம் உடையோருக்கு, சாலையில் ஓட்டாமல் பந்தயத்துக்கென்றே தனியாக வைக்கும் கார் ஒரு வழி. கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் ஆகியவற்றுக்கு அத்தகைய கார்கள் லாரியில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. அத்தகைய காருக்கு வாகனக் கடனை எதிர்பார்க்க இயலாது; சேமிப்பிலிருந்துதான் செலவிட வேண்டும். சாலையில் ஓட்டவே வேண்டும் என்போர், தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜரோ டர்போசார்ஜரோ பொருத்தி விற்கப்படும் காரை வாங்குவதே எளிது. பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணிச் சிறிய எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர்கள், மேற்கண்ட பம்பு, இன்ஜெக்டர், சீராக்கி, உணரி, கணினிச் செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் விலை வேறுபாடு சுருங்கியிருப்பதைக் காண்பர்.

கடைசித் தவணையைச் செலுத்தியதும் வங்கியிடமிருந்து ஆட்சேபமின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஈட்டுரிமைப் பதிவை நீக்கிக்கொள்ளலாம். அன்றுமுதல் வங்கியின் இசைவு தேவையில்லை; 52ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கும்.