ஃபயர்வால் அலறும்போது எங்கே பார்க்க வேண்டும்?

நேரம் 02:17:41. டிராப். டிசிபி. மூலம் 203.0.113.45, போர்ட் 51822. இலக்கு உங்கள் முகவரி, போர்ட் 23.

வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ‘செக்யூரிட்டி லாக்’ பகுதிக்குப் போனால், இப்படிப்பட்ட வரிகள் வரிசையாகக் கிடக்கும். (இங்கே தந்திருக்கும் முகவரி, எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்.) சில பாதுகாப்பு மென்பொருள்கள் இதே விஷயத்தைச் சிவப்புப் பெட்டியில் போட்டு, ‘ஊடுருவல் முயற்சி முறியடிக்கப்பட்டது’ என்று திரையின் மூலையில் காட்டும். பார்த்தவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். யாரோ நம்மைக் குறிவைத்துவிட்டார்கள், வங்கிக் கணக்கில் கை வைக்கப்போகிறார்கள் என்று மனம் அலைபாயும். அந்தப் பயத்தில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. நிஜமாகவே பார்க்க வேண்டிய இடம் வேறு. பயந்தவர் கண் அங்கே போவதே இல்லை.

முதலில் அந்த வரியைப் படித்துவிடுவோம். அதிகாலை இரண்டேகால் மணிக்கு, எங்கோ இருக்கும் ஒரு கணினி, உங்கள் இணைப்பின் 23-ஆம் போர்ட்டில் யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முகவரிக்கும் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட வாசல்கள், அதாவது போர்ட்டுகள் உண்டு. 23 என்பது டெல்நெட், அதாவது ஒரு சாதனத்துக்குள் தொலைவிலிருந்து நுழைந்து கட்டளையிடும் பழைய முறை. 445 என்றால் விண்டோஸின் கோப்புப் பகிர்வு. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை என்ற மால்வேர் பரவியது அந்த வழியில்தான். 3389 என்றால் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப். வரியில் மிக முக்கியமான சொல் ‘டிராப்’. கேள்வி வந்தது, ரவுட்டர் பதிலே சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன், தான் திருப்பி அனுப்பிய ஆட்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இந்த லாக். நோட்டு எவ்வளவு தடித்தாலும், அதில் பெயர் உள்ள எவரும் மாடிப்படி ஏறவில்லை.

சரி, அதிகாலையில் நம்மை யார் தேடினார்கள்? பெரும்பாலும் நம்மை யாரும் தேடவில்லை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஜீமேப்’ என்றொரு கருவியை வெளியிட்டார்கள். ஒரே கணினி, விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பு. இவை இருந்தால் இணையத்தில் உள்ள ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை 45 நிமிடத்துக்குள் சோதித்துவிடலாம் என்று காட்டினார்கள். அதன்பிறகு இந்த வேலை யாருக்கும் கைகூடும் வேலையாகிவிட்டது. இணையத்தில் திறந்து கிடக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் ‘ஷோடன்’ தேடுதளம் 2009 முதல் இயங்குகிறது. ‘ஷேடோசர்வர்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு நாள்தோறும் இணையம் முழுவதையும் துழாவி, ஓட்டை உள்ள சாதனங்களைப் பற்றி அந்தந்த நெட்வொர்க் நிறுவனங்களுக்கு இலவசமாகத் தகவல் அனுப்புகிறது. உங்கள் லாக்கில் பதிவான சில ‘தாக்குதல்கள்’ இந்த நல்லவர்களுடையவையாகவும் இருக்கலாம்.

மீதி பெரும்பகுதி, தானாக ஓடும் மால்வேர். அந்த 23-ஆம் எண்ணுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 2016-இல் வந்த மிராய், கணினிகளைச் சீண்டவில்லை. ஐபி கேமரா, சிசிடிவி டிவிஆர், ரவுட்டர் ஆகியவைதான் அதன் இரை. குருட்டாம்போக்கில் ஒரு முகவரியை உருவாக்கும், 23-ஆம் போர்ட்டிலோ 2323-இலோ தட்டிப் பார்க்கும், பதில் வந்தால் தன்னிடமுள்ள சுமார் 60 பயனர்பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அந்தப் பட்டியலைப் படித்தால் வயிறு கலங்கும். அட்மின்–அட்மின், ரூட்–12345, ரூட்–888888. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை வாங்கியவர் மாற்றவே இல்லை. இவ்வளவு எளிய வழியில் சேர்த்த சாதனங்களை ஏவி, அந்தச் செப்டம்பரில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் இணையதளத்தின் மீது விநாடிக்கு 620 கிகாபிட் அளவுக்குப் போலிப் போக்குவரத்தைக் கொட்டினார்கள். அதே மாத இறுதியில் மிராயின் மூலநிரல் பொதுவில் போடப்பட்டது. அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெளியே போன நிரல் போனதுதான். அதன் வாரிசுகள் இன்றும் உங்கள் லாக்கில் 23 என்ற எண்ணாக வந்து விழுந்துகொண்டிருக்கின்றன.

இதனால்தான், அந்த மூல முகவரியை இணையத்தில் தேடி, ‘இது இன்ன நாட்டுக்காரன் வேலை’ என்று கோபப்படுவது வீண். அங்கே இருப்பது நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தின் கேமராவாக இருக்கலாம். தங்கள் கேமரா இப்படி ஊர் சுற்றுவது அவர்களுக்கே தெரிந்திருக்காது. பதிலடி கொடுக்கிறேன் என்று அந்த முகவரிக்குள் நுழைந்து பார்ப்பவர், இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தாமே குற்றவாளி ஆவார்.

இன்னொரு வகை எச்சரிக்கை உண்டு. மூலப் போர்ட் 443 (இணையப் பக்கங்கள்) அல்லது 53 (டிஎன்எஸ்) என்றும், இலக்குப் போர்ட் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய ஏதோ எண் என்றும் இருக்கும். நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து மூடிவிட்டீர்கள். அந்த உரையாடல் முடிந்ததாக ரவுட்டர் தன் கணக்கை அழித்துவிட்டது. அதன்பின் தாமதமாக ஒரு பதில் வந்து சேர்கிறது. கேட்காமல் வந்த விருந்தாளி என்று ஃபயர்வால் அதை ஒதுக்கி, சில சமயம் ‘போர்ட் ஸ்கேன்’ என்று பெயரும் சூட்டிவிடுகிறது. உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரே உங்களைத் தாக்குவதாக லாக் சொன்னால், பெரும்பாலும் சங்கதி இதுதான். இதையெல்லாம் ‘தாக்குதல்’ என்று எழுதிக் காட்டும் மென்பொருள் நிறுவனங்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. நாள் முழுக்கப் பொய்யாய் அலறினால், நிஜம் வரும் நாளில் யார் காது கொடுப்பார்கள்?

அப்படியானால் நிஜம் எப்படி இருக்கும்? உள்ளே வர முயன்று தடுக்கப்பட்டதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து வெளியே போவதைப் பாருங்கள். வீட்டுக்குள் உள்ள சாதனங்களின் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்படி ஒரு முகவரி மூலமாக நின்று, விநாடிக்குப் பத்து, நூறு என்று முன்பின் தெரியாத முகவரிகளின் 23-ஐயோ 445-ஐயோ தொட்டுக்கொண்டிருந்தால், தூக்கம் கெட வேண்டியது அன்றைக்குத்தான். யாரும் பார்க்காத நடுராத்திரியில் கேமரா ஓயாமல் டேட்டா அனுப்புவது, ரவுட்டரில் நீங்கள் வைக்காத டிஎன்எஸ் முகவரி இருப்பது, நீங்கள் தொடாத நேரத்தில் ‘அட்மின் லாகின் வெற்றி’ என்ற வரி இருப்பது ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்குச் சிவப்புப் பெட்டி வருவது அபூர்வம். தேடிப் போய்ப் படித்தால்தான் தெரியும்.

அடுத்து, நாமே திறந்துவைத்த வழிகள். கேமரா பொருத்த வந்தவர், செல்போனில் படம் தெரிய வேண்டுமே என்று, வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை நேரே டிவிஆருக்கு அனுப்பும் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ வசதியை ரவுட்டரில் போட்டுவிட்டுப் போயிருப்பார். படம் தெரிந்த மகிழ்ச்சியில் நாமும் காசைக் கொடுத்து அனுப்பியிருப்போம். அந்த டிவிஆரின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் ஒன்றையே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபார்வர்டு செய்த போர்ட்டில் வரும் எவரையும் ஃபயர்வால் தடுக்காது, ஏனென்றால் அனுமதித்தது நாம். லாக்கில் எச்சரிக்கை எதுவும் பதிவாகாது. யூபிஎன்பி என்ற வசதி ஆனில் இருந்தால் ஆள்கூடத் தேவையில்லை. வீட்டுச் சாதனங்கள் தாமாகவே ரவுட்டரிடம் சொல்லிப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். கேம் கன்சோலுக்கு அது தேவைப்படலாம். தேவையில்லாத வீட்டில் அணைத்துவிடுங்கள்.

ஐபிவி6 பற்றியும் ஒரு வார்த்தை. பழைய முறையில் வீடு முழுவதும் ரவுட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஐபிவி6-இல் போன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் வெளியுலகம் எட்டக்கூடிய முகவரி கிடைக்கும். அங்கே முதன்மையாகக் காப்பது ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால்தான். அது ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

இணையதளம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க விரிந்து, ‘உங்கள் ஃபயர்வால் உடைக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்’ என்று ஒலி எழுப்பும் அறிவிப்பு, ஃபயர்வாலிலிருந்து வருவதே இல்லை. அது ஒரு இணையப் பக்கம். எந்த உண்மையான ஃபயர்வாலும் போன் நம்பர் கொடுத்து அழைக்கச் சொல்லாது. பிரவுசரை மூடினால் போதும். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் இதை இன்றே சொல்லி வையுங்கள்; பயந்துபோய் அந்த எண்ணுக்கு அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்து, பணத்தை இழக்கிறவர்களில் அவர்களும் உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கேமராவோ ரவுட்டரோ மால்வேரிடம் சிக்கிவிட்டது என்று சந்தேகம் வலுத்தால், வரிசை முக்கியம். மிராய் வகை மால்வேர் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும். பழைய பாஸ்வேர்டோடு மறுபடி இணையத்தில் விட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றலாம். ஆகவே முதலில் இணையக் கேபிளைக் கழற்றுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் கழன்ற நிலையிலேயே நிர்வாகப் பாஸ்வேர்டை நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றி, தொலைநிலை நிர்வாகத்தையும் யூபிஎன்பியையும் அணையுங்கள். அதன் பிறகே கேபிளைச் செருகி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய ஃபர்ம்வேரை (சாதனத்தின் உள்மென்பொருளை) ஏற்றுங்கள். கணினியில் சந்தேகம் என்றால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ தளத்தில் பாட்நெட் (பிறர் ஏவும்படி கைப்பற்றப்பட்ட சாதனக் கூட்டம்) மால்வேரை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதையே நிறுத்திவிட்ட பழைய கேமராவாக இருந்தால், அதை இணையத்திலிருந்து பிரித்து டிவிஆரோடு மட்டும் ஓடவிடுங்கள்.