ரெண்டு நாடு, ஒரே சாஃப்ட்வேர்! எஸ்டோனியாவும் பின்லாந்தும் கைகோத்தது எப்படி?

ஒரு சான்றிதழ் வாங்கப் போனா, இன்னும் நாலு சான்றிதழோட ஜெராக்ஸ் கேட்பாங்க. 'அதெல்லாம் ஏற்கெனவே அரசுகிட்டதானே இருக்கு, நான் எதுக்கு மறுபடியும் கொடுக்கணும்?'னு உங்களுக்குத் தோணியிருக்கா? இதே கேள்விக்கு சாஃப்ட்வேர் மூலமா பதில் கண்டுபிடிச்ச நாடு எஸ்டோனியா.

வடக்கு ஐரோப்பாவுல, பால்டிக் கடலோரம் இருக்கிற குட்டி நாடு இது. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 2001-ல் இவங்க கொண்டுவந்த சாஃப்ட்வேரோட பெயர், 'எக்ஸ்-ரோடு'.

எப்படி வேலை செய்யுது?

எல்லாருடைய தகவலையும் ஒரே இடத்துல கொட்டி வைக்கிற வேலை இதுல கிடையாது. அந்தந்தத் துறையோட தகவல் அங்கேயேதான் இருக்கும். ஒரு மருத்துவமனைக்கு உங்க இன்சூரன்ஸ் விவரம் தேவைன்னா, அதோட சிஸ்டம் இன்சூரன்ஸ் துறையோட சிஸ்டத்துகிட்ட கேட்கும். அனுமதி இருந்தா மட்டும்தான் பதில் வரும். அதுவும் என்க்ரிப்ட் ஆகி, டிஜிட்டல் முத்திரையோட வரும். எந்த சிஸ்டம், எப்போ கேட்டுச்சுங்கிறதும் பதிவாகிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்!

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பின்லாந்துக்கும் இதே மாதிரி ஒண்ணு தேவைப்பட்டது. முதல்ல இருந்து புதுசா எழுதுறதுக்குப் பதிலா, எஸ்டோனியாவோட கைகோத்தாங்க. 2013-ல் ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட ஒப்பந்தத்துல கையெழுத்துகூட டிஜிட்டல்தான்!

2016-ல் எக்ஸ்-ரோடோட சோர்ஸ் கோடு ஓப்பன் சோர்ஸா வெளியாச்சு. அதாவது, யார் வேணும்னாலும் படிக்கலாம், மாத்தலாம், இலவசமா பயன்படுத்தலாம். 2017-ல் ரெண்டு அரசுகளும் சேர்ந்து, இதைப் பராமரிக்கவே டாலின் நகரத்துல 'என்.ஐ.ஐ.எஸ்'ங்கிற அமைப்பைத் தொடங்கினாங்க. 2021-ல் ஐஸ்லாந்தும் உறுப்பினராச்சு. செலவைப் பகிர்ந்துக்குறாங்க. ஒரு தடவை பிழையைச் சரி பண்ணா, பயன்படுத்துற எல்லா நாட்டுக்கும் அந்த அப்டேட் போய்ச் சேரும்.

அப்போ என் தகவல் பாதுகாப்பா இருக்குமா?

நியாயமான சந்தேகம். ஆனா, திறந்து வெச்சது கோடைத்தான், உங்க தகவலை இல்லை. ஒரு பூட்டு எப்படி வேலை செய்யுதுனு ஊருக்கே தெரிஞ்சாலும், சாவி இல்லாமத் திறக்க முடியாதில்லையா? அது மாதிரிதான். கோடு வெளியில இருக்கிறதால, ஓட்டை இருந்தா வெளியாளும் கண்டுபிடிச்சுச் சொல்லலாம்.

அதேநேரம், ஓப்பன் சோர்ஸ்ங்கிறதாலயே எல்லாம் சரியாகிடாது. அனுமதி இருக்கிற ஒரு அதிகாரியே தேவையில்லாம உங்க தகவலை எட்டிப் பார்த்தா? எஸ்டோனியாவுல அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க. அரசு போர்ட்டல்ல லாக்-இன் பண்ணா, பல துறைகள்ல உங்க தகவலை யார் பார்த்தாங்கனு நீங்களே பார்க்கலாம். சந்தேகம்னா, 'ஏன் பார்த்தீங்க?'னு கேட்கலாம்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு அரசு ஆப்ல 'அலவ்' பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இதோட சோர்ஸ் கோடு வெளியில இருக்கா? என் தகவலை யார் பார்த்தாங்கனு எனக்குச் சொல்லுமா?