நாற்பக்க வயலின் பரப்பளவை அறிதல்

நான்கு வரம்புகளின் நீளத்தையும் அளந்துவிட்டால் வயலின் பரப்பளவு தெரிந்துவிடும் எனக் கமக்காரர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. விதைநெல், பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் அளவு ஏக்கருக்கு அல்லது ஹெக்டயருக்கு இவ்வளவு என்றே சிபாரிசு செய்யப்படுகின்றது. குத்தகையும் பெரும்பாலும் பரப்பைக் கொண்டே பேசப்படுகின்றது. ஆகவே, பரப்பளவிற் பிழை நேரின் இவை யாவற்றிலும் பிழை நேரும்.

வரம்பின் நீளம் மட்டும் போதாமை

மூன்று தடிகளை முனைகளிற் பிணைத்தால் உண்டாகும் முக்கோணியின் உருவம் மாறாது. நான்கு தடிகளைப் பிணைத்தாலோ, அவ்வுருவம் பக்கவாட்டிற் சரியக்கூடும். பக்கங்களின் நீளம் மாறாதிருப்பினும் உள்ளே அடங்கும் பரப்பு மாறிவிடும்.

உதாரணமாக, ஒவ்வொரு பக்கமும் 100 அடி நீளமுள்ள சதுர வயலின் பரப்பளவு 10,000 சதுர அடியாகும். அதே அளவான வரம்புகளையுடைய மற்றொரு வயல் சாய்சதுரமாக அமைந்து, எதிர் வரம்புகளுக்கு இடையிலுள்ள செங்குத்துத் தூரம் 80 அடியாயின், அதன் பரப்பளவு 8,000 சதுர அடி மட்டுமே. வரம்பின் நீளம் ஒன்றாயிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு நிலம் குறைவாகும்.

எதிர்ப்பக்கங்களைச் சராசரியாக்கும் முறை

எதிர் வரம்புகளின் சராசரிகளை ஒன்றோடொன்று பெருக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கி.பி. 628 இல் பிரமகுப்தர் என்னும் இந்தியக் கணித அறிஞர் இதனைப் பருமட்டான அளவு என்றே குறிப்பிட்டார். செவ்வகத்துக்கும் சதுரத்துக்கும் மட்டுமே இம்முறை சரியான விடையைத் தரும். ஏனைய நாற்பக்கல்களில் அது எப்பொழுதும் உண்மைக்கு மிகையான பரப்பையே காட்டும். குத்தகைக்கு எடுப்பவருக்கு இதனால் நட்டமே உண்டாகும், பசளையும் வீணாகும்.

சரியான முறை

மூலைவிட்டம் ஒன்று நாற்பக்கலை இரண்டு முக்கோணிகளாகப் பிரிக்கும். இதனைக் கொண்டு எவ்வகை நாற்பக்க வயலையும் பின்வருமாறு அளக்கலாம்.

1. நான்கு மூலைகளிலும் முளை அடித்தல் வேண்டும்.
2. வயலுக்குள்ளே செல்லும் மூலைவிட்டத்தின் வழியே கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் நீளத்தை அளவுநாடாவினால் அளத்தல் வேண்டும்.
3. எஞ்சிய இரு மூலைகள் ஒவ்வொன்றிலிருந்தும் கயிற்றுக்குள்ள மிகக் குறுகிய தூரத்தை அளத்தல் வேண்டும். நாடாவின் ஒரு முனையை மூலையிற் பிடித்து, மறுபுறத்தைக் கயிற்றின் மேல் இருபுறமும் நகர்த்தினால், மிகக் குறைந்த அளவு காட்டும் இடமே செங்குத்தான இடமாகும்.
4. இவ்விரு தூரங்களையும் கூட்டி, மூலைவிட்ட நீளத்தாற் பெருக்கி, இரண்டால் வகுத்தல் வேண்டும்.

ஒரு வயலின் வரம்புகள் முறையே 100, 75, 60, 85 அடியெனக் கொள்வோம். முதல் வரம்பு தொடங்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டம் 125 அடி. செங்குத்துத் தூரங்கள் 60 அடியும் 36 அடியும் ஆகும். இவ்விரண்டின் கூட்டுத்தொகை 96. அதனை 125 ஆற் பெருக்கி இரண்டால் வகுக்க 6,000 சதுர அடி கிடைக்கும். சராசரி முறையிலோ 80 ஐ 80 ஆற் பெருக்க 6,400 சதுர அடி வரும். 400 சதுர அடி, அதாவது உண்மைப் பரப்பின் பதினைந்தில் ஒரு பங்கு, இல்லாத நிலமாகும்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி அல்லது 160 பேர்ச் ஆகும். எனவே மேற்கூறிய வயல் ஏறக்குறைய 22 பேர்ச் அளவுடையது.

மரக்கறிப் பாத்திகள்

எதிர்ப்பக்கங்கள் சமமாயிருப்பினும் பாத்தி இணைகரமாகச் சரிந்திருக்கலாம். இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தல் நன்று. அவையும் சமமாயின் பாத்தி செவ்வகமாகும். சமமில்லையெனின் நீண்ட மூலைவிட்டத்தின் முனைகளை உள்நோக்கி நகர்த்திச் சரிசெய்தல் வேண்டும்.

எல்லைத் தகராறுகளுக்கும் காணி உறுதிக்கும் அனுமதிபெற்ற நில அளவையாளரின் வரைபடமே உரியது. பயிர்ச்செய்கைத் தேவைக்கு இங்கு கூறிய முறை போதுமானது. வயலை ஒருமுறை இவ்வாறு அளந்து குறித்து வைப்பின், வரம்புகள் மாற்றப்படாத வரை அவ்வளவு போகத்துக்குப் போகம் பயன்படும்.