மூட்டைக் கூட்டெரு பழுத்ததா, பச்சையா?



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்மவர்கள் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். கிளிநொச்சிப் பக்கம் இன்றும் நமக்குச் சொந்தபந்தம் உண்டு. அங்கே என் சித்தி ஒரு தடவை மிளகாய் நாற்றுக்கு மூட்டைக் கூட்டெரு வாங்கிப் போட்டார். ஒரு கிழமைக்குள் நாற்றெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. "இயற்கைப் பசளைதானே, அது எப்படிப்பா செடியைச் சுடும்?" என்று கேட்டார்.

சுடும். நகரக் குப்பை, ஆலைக் கழிவு, கோழி எரு எல்லாவற்றையும் பெருங்குவியலாகப் போட்டு உக்க வைக்கிறார்கள். உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் குவியல் சூடாகிறது. திறந்தவெளிக் குவியல் 55 பாகைக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் 5 தடவை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள விதி. நோய்க்கிருமியும் களைவிதையும் சாவதற்குத்தான் இந்தச் சூடு. ஆனால் சூடு முடிந்தால் எரு பழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் பல வாரம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் அமோனியாவும் புளித்த அமிலமும் வேரைக் கருக்கும். மண்ணிலும் உக்கிக்கொண்டே இருப்பதால், செடிக்குச் சேர வேண்டிய நைதரசனை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சித்தி வீட்டு மஞ்சளுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நம் தேயிலையும் வன்னிக் காலபோக நெல்லும் சேர்ந்தே அடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளை மாதிரியில் செடிக்குக் கெடுதி செய்யும் பக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு சொன்னது. கம்பெனி மறுத்தது. கப்பலை இறக்கவிடவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டித்தான் முடிந்தது!

சூட்டுக்கும் அழியாத நஞ்சும் உண்டு. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரக் கூட்டெரு போட்ட தக்காளிகள் இலை சுருண்டு போயின. புல்லுக்கு அடித்த குளோபிராலிட் என்ற களைகொல்லி எருவுக்குள் அப்படியே இருந்ததுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு சிரட்டையில் எருவும் மணலும் சரிபாதி, இன்னொன்றில் வெறும் வீட்டு மண். இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கிழமையில் எருச் சிரட்டையில் முளை குறைந்தாலோ மஞ்சளித்தாலோ எரு பச்சை என்று வைத்துக்கொள்ளலாம். எறிந்துவிடாதீர்கள். ஈரம் காட்டி, புரட்டி, இரண்டு மாதம் வைத்துவிட்டுத் திரும்பவும் பயறு போட்டுப் பாருங்கள். முளைத்த பிறகு புது இலை கிண்ணம் போலச் சுருண்டால் களைகொல்லிச் சந்தேகம். அதைப் போஞ்சிக்கும் தக்காளிக்கும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.